மூன்றாம் இடத்தில் நான், நான்காம் இடத்தில் தம்பி

மலை ரிலே முடிந்து இன்றோடு எட்டு நாள். இன்று காலைதான் மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் நேராக இறங்கினேன். அதுவரை பக்கவாட்டில் திரும்பி நின்று ஒவ்வொரு படியாகத்தான் இறங்க முடிந்தது. கால் தேறிவிட்டது, மனசு இன்னும் அந்தக் காட்டுப்பாதையின் முடிவில்தான் நிற்கிறது. எழுதிவிட்டால் அங்கிருந்து நகர முடியும் என்று தோன்றுகிறது.

ஓட்டம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 320 கிலோமீட்டர். அதை 36 துண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் லெக் என்று பெயர். ஒருவர் ஒரு லெக்கை ஓடி முடித்து, மணிக்கட்டில் சுற்றியிருக்கும் பட்டையைக் கழற்றி அடுத்தவர் கையில் மாட்டிவிட வேண்டும். பகல், இரவு, மறுபகல் என்று நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். இந்த அமைப்பைப் பரவலாக்கியது அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் நடக்கும் ஹூட் டு கோஸ்ட். ஹூட் மலையில் கிளம்பிப் பசிபிக் கடற்கரையில் முடியும் அந்த ஓட்டம் 1982ல் 8 அணிகளோடு தொடங்கியது. 2004ல் யூட்டாவில் தொடங்கிய ராக்னாரும் ஏறக்குறைய அதே அச்சு: 300 கிலோமீட்டருக்கு மேல், 36 லெக், 12 பேர், இரண்டு வேன். 12 பேர் இருந்தால் ஆளுக்கு மூன்று லெக். ஒரு வேனில் இருப்பவர்கள் ஓடும்போது மற்ற வேனில் இருப்பவர்கள் தூங்கலாம், குளிக்கலாம், உட்கார்ந்து சாப்பிடலாம்.

அதே தூரத்தை ஆறு பேராக ஓடினால் அது அல்ட்ரா அணி. ஆளுக்கு ஆறு லெக், சராசரியாக 53 கிலோமீட்டர். மாரத்தான் 42.195 கிலோமீட்டர், அதற்கு மேல் போனால் அல்ட்ரா என்பது வழக்கம். நடுவில் ஐந்து முறை உட்கார்ந்து எழுந்து ஓடுவதை அல்ட்ரா என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்பவர்கள் உண்டு. நான் ஒரே மூச்சில் 50 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன், இதையும் ஓடியிருக்கிறேன். ஒரே மூச்சில் ஓடும்போது உடம்பு ஒருமுறைதான் சூடாகிறது, ஒருமுறைதான் ஆறுகிறது. இங்கே ஆறு முறை. ஆறிப்போன காலை நாலாவது தடவை எழுப்பும்போது வரும் வலி அந்த 50 கிலோமீட்டரில் எனக்கு வந்ததே இல்லை.

எங்கள் அணியில் முதல் இடம் சாருக்கு. 54 வயது, பள்ளி ஆசிரியர், கடிகாரம் பார்க்காமலேயே ஒரே வேகத்தில் ஓடக்கூடியவர். இரண்டாவது நர்ஸ் அக்கா. மூன்றாவது நான். நான்காவது என் தம்பி. ஐந்தாவது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், அணியிலேயே இளையவள், நாங்கள் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். ஆறாவது தம்பியின் நண்பன். வேன் ஓட்டியது என் கணவர். அவர் ஓடவில்லை. அதற்காகவே கூட்டிப்போனோம். இரவில் ஓடி முடித்துவிட்டு வந்தவர் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுக்கக் கூடாது என்பதில் நான் முதலிலிருந்தே உறுதியாக இருந்தேன். மலைப்பாதையில் ஓட்டப் போட்டிக்காரர்களுக்கு இருக்கும் ஆபத்துகளில் தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுவதைத்தான் நான் முதலில் வைப்பேன். கணவர் போட்டிக்கு முந்தைய இரண்டு நாளும் மதியத்தில்கூடத் தூங்கினார்.

ஆக, ஆறு முறையும் என் கையிலிருந்து பட்டையை வாங்கப் போகிறவன் தம்பி. இடம் போட்டபோது இதைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. மேடு நன்றாக ஏறுகிறவர் யார், இரவில் பயமில்லாதவர் யார் என்று பார்த்துப் போட்டதில் அப்படி அமைந்துவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்பே ஒரு பெரிய விவாதம் நடந்தது. ஆளுக்கு ஒரு லெக்காக மாறி மாறி ஓடுவதா, இரண்டிரண்டு லெக்காகச் சேர்த்து ஓடுவதா? சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 32 மணி நேரம், ஒரு லெக்குக்கு 53 நிமிடம். ஒன்றொன்றாக ஓடினால் நடுவில் கிடைப்பது ஐந்து லெக், அதாவது 4 மணி 25 நிமிடம். இரண்டிரண்டாக ஓடினால் ஒரு தடவைக்கு 1 மணி 46 நிமிடம் ஓட வேண்டும், ஆனால் அதற்குப் பிறகு 8 மணி 50 நிமிடம் ஓய்வு. சாருக்கு இரண்டாவது முறை பிடித்திருந்தது. எனக்கும் தம்பிக்கும் பிடிக்கவில்லை. எங்களிடம் இருப்பது ஒரே வேன். யார் தூங்கினாலும் இல்லாவிட்டாலும் அது 53 நிமிடத்துக்கு ஒருமுறை நின்றாக வேண்டும், கதவு திறந்தாக வேண்டும், ஒருவர் ஏறி ஒருவர் இறங்கியாக வேண்டும். அந்த எட்டே முக்கால் மணி நேரம் காகிதத்தில்தான் நீளமாக இருக்கும் என்று வாதாடி நாங்கள் ஜெயித்தோம். இரண்டு வேன் இருந்தால் கதை வேறு. ஒன்றை முன்னால் அனுப்பிவிட்டு அதில் இருப்பவர்கள் நிம்மதியாகப் படுக்கலாம்.

அந்த 4 மணி 25 நிமிடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஓடுவதுதான் போட்டி, நடுவில் இருப்பது ஓய்வு. ஆறு பேராக ஓடிப் பார்த்தால் தெரியும், நடுவில் இருப்பதுதான் வேலை.

ஓடி முடித்து வேனில் ஏறியதும் ஈரத் துணியை மாற்ற வேண்டும். உட்கார்ந்துவிட்டால் எழ மனம் வராது, அதனால் நின்றபடியே. எங்கள் ஒவ்வொருவரிடமும் ஆறு பிளாஸ்டிக் பைகள் இருந்தன, மேலே 1 முதல் 6 வரை எண் எழுதி. ஒவ்வொரு பையிலும் ஒரு சட்டை, ஒரு அரைக்கால் டவுசர், உள்ளாடை, ஒரு ஜோடி சாக்ஸ். ஓடி முடித்த ஈரத்தை அதே பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். மூன்றாம் லெக்குக்குப் பிறகு அந்த வேனில் எந்தத் துணி யாருடையது என்று தேட முடியாது என்பது நர்ஸ் அக்காவின் முன் அனுபவம், பை யோசனையும் அவர் சொன்னதுதான். அப்புறம் கால். விரல் இடுக்கைத் துடைத்து, காய வைத்து, தேய்கிற இடத்தில் வாசலின் பூசி, காய்ந்த சாக்ஸைப் போட வேண்டும். கொப்புளம் ஈரத்தில்தான் சீக்கிரம் வரும். இரண்டாம் லெக்கில் வரும் சின்னக் கொப்புளத்தோடு இன்னும் நாலு லெக் ஓட வேண்டியிருக்கும்.

பிறகு சாப்பாடு. முடித்த அரை மணி நேரத்துக்குள் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். உப்புத் தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ரொட்டி. அடுத்த லெக்குக்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில் வயிற்றில் கனமாக எதுவும் இருக்கக் கூடாது. ஆகச் சாப்பிடக் கிடைக்கும் நேரம் முதல் இரண்டரை, மூன்று மணி நேரம்தான், தூங்கக் கிடைப்பதும் அதே நேரம்தான். லெக்குக்கு 45 நிமிடத்துக்கு முன் எழுந்துவிட வேண்டும். தூங்கி எழுந்த உடனே உடம்பு மந்தமாக இருக்கும், அது தெளியவே அரை மணி நேரம் போகும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு இடைவெளியில் 40 நிமிடம் கண்ணை மூடினால் பெரிய விஷயம். 33 மணி நேரத்தில் நான் தூங்கியது எல்லாம் சேர்த்து 2 மணி 10 நிமிடம். அணியிலேயே அதிகம் தூங்கியது நான்தான்.

இத்தனையும் கவனமாகத் திட்டமிட்ட நான்தான், எங்கள் அணியின் இரவைக் கெடுத்தேன்.

காலை 5 மணிக்குச் சார் கிளம்பினார். மெதுவான அணிகளை முன்னாலும் வேகமான அணிகளை மதியத்திலும் அனுப்புவது இந்த ரிலேக்களில் வழக்கம், எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கடைசிக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காக. அதனால் அதிகாலையில் எங்களோடு கிளம்பியவர்கள் கொஞ்சப் பேர்தான். என் முதல் இரண்டு லெக், அதாவது 3ம் 9ம், நன்றாகப் போயின. சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு தடவையும் திட்டத்துக்கு ஒரு நிமிடம் இப்படி அப்படி. தம்பி இரண்டு தடவையும் கைமாற்றும் கோட்டில் குதித்துக்கொண்டு நின்றான்.

15ம் லெக் சாயங்காலம் ஐந்தே கால் மணிக்குத் தொடங்கியது. 11.3 கிலோமீட்டர், முழுக்க இறக்கம், 640 மீட்டர் கீழே இறங்க வேண்டும். என் திட்டம் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 20 விநாடி. அதற்கு மேல் வேகம் கூடாது என்று நானே என் கையில் பேனாவால் எழுதியிருந்தேன். வெயில் இறங்கிவிட்டது, காற்று பின்னாலிருந்து வந்தது, பாதை வளைந்து வளைந்து பள்ளத்தாக்குக்குள் போனது. மூச்சு வாங்கவே இல்லை. இரண்டாவது கிலோமீட்டரில் கடிகாரம் 4:50 காட்டியது. குறைக்க வேண்டும் என்று நினைத்தேன், குறைக்கவில்லை. முன்னால் ஒருவர் தெரிந்தார், அவரைத் தாண்டினேன். இன்னொருவர் தெரிந்தார். கடைசியில் ஒன்பது பேரைத் தாண்டி, திட்டத்தைவிட 6 நிமிடம் முன்னால் வந்து தம்பி கையில் பட்டையை மாட்டினேன். அவன் முகம் மலர்ந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. "அக்கா, பறந்து வந்திருக்கே!" என்றான்.

இறக்கம் ஏமாற்றும் என்று எனக்குத் தெரியாததல்ல. ஆல்பெர்ட்டோ மினெட்டியும் அவர் குழுவினரும் 2002ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஏற்றத்திலும் இறக்கத்திலும் உடம்பு எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறது என்று அளந்தார்கள். ஓடும்போது ஒரு மீட்டருக்கு ஆகும் செலவு மிகக் குறைவாக இருப்பது 20 சதவீத இறக்கத்தில். அதாவது இதயமும் நுரையீரலும் இறக்கத்தில் சும்மா இருப்பதுபோல இருக்கும். வேலை செய்வது முன்தொடை. ஒவ்வொரு அடியிலும் அது நீண்டுகொண்டே இறுகி, உடம்பின் கனத்தைப் பிரேக் போட்டு நிறுத்துகிறது. நீண்டுகொண்டே இறுகும் தசையில்தான் நுண்ணிய சேதம் அதிகம். அந்த வலி உடனே தெரியாது. சில மணி நேரத்தில் கால் கட்டை ஆகத் தொடங்கும், வலி ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். 12 பேர் அணியில் இருந்திருந்தால் எனக்கு இன்னும் ஒரு லெக்தான் பாக்கி இருந்திருக்கும், எப்படியோ சமாளித்திருப்பேன். எனக்கு இன்னும் மூன்று பாக்கி இருந்தது.

இரவு பத்தரைக்கு வேனை விட்டு இறங்கியபோதே தெரிந்துவிட்டது. கீழ்ப்படியில் கால் வைத்ததும் முட்டி மடங்கியது, கதவைப் பிடித்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. நெற்றி விளக்கு, ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், முதுகில் மினுக்கும் சிவப்பு விளக்கு எல்லாம் மாட்டிக்கொண்டு 21ம் லெக்கைத் தொடங்கினேன். 8.2 கிலோமீட்டர், கிட்டத்தட்டச் சமதளம், என் ஆறு லெக்கில் எளிதானது. 49 நிமிடத்தில் முடிக்க வேண்டியதை 58 நிமிடத்தில் முடித்தேன்.

9 நிமிடம் ஒன்றும் பெரிதில்லை என்று அப்போது நினைத்தேன். கைமாற்றும் இடத்தில் தம்பி திட்டப்படி ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, பனியனும் அரைக்கால் டவுசருமாக நின்றுகொண்டிருந்தான். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குளிரும் என்பது பொதுக் கணக்கு. நாங்கள் அப்போது நல்ல உயரத்தில் இருந்தோம், காற்றும் இருந்தது. நான் எந்த நிமிடமும் வந்துவிடுவேன் என்று நினைத்து அவன் மறுபடி ஜாக்கெட்டைப் போடவில்லை. என் விளக்கு தெரிந்தபோது அவன் பல் கிட்டித்துப் போயிருந்ததாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பட்டையை வாங்கிக்கொண்டு இருட்டுக்குள் ஓடினான். நான் தொலைத்த 9 நிமிடத்தை அவன் திரும்ப எடுக்கப் பார்த்தான். 22ம் லெக்கைத் திட்டத்தைவிட 5 நிமிடம் முன்னால் முடித்தான். அந்த வேகத்துக்காக ஓடும்போது சாப்பிடும் சர்க்கரைக் கூழ், ஜெல் என்போம், அதில் இரண்டை அடுத்தடுத்துச் சாப்பிட்டிருக்கிறான், தண்ணீர் பாட்டிலை வேனிலேயே மறந்துவிட்டு. முடித்ததும் ஈரச் சட்டையோடு படுத்துத் தூங்கிவிட்டான். நின்றபடி மாற்று, முதலில் சாப்பிடு என்று நாங்கள் போட்ட விதி எதையும் அவன் செய்யவில்லை. நான் அவன் பக்கத்து இருக்கையில்தான் இருந்தேன். என் கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவன் பையைப் பார்த்திருக்க வேண்டியவள் நான்தான்.

27ம் லெக் அதிகாலை நாலே காலுக்குத் தொடங்கியது. 7.6 கிலோமீட்டர் காட்டுப்பாதை, 380 மீட்டர் ஏற்றம். அந்த லெக்கில் மட்டும் வேனுக்கு வேறு வழி, மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். உடம்பின் உள்வெப்பம் ஒரு நாளிலேயே மிகவும் குறைவாக இருப்பது அதிகாலை நாலு, ஐந்து மணி வாக்கில். தூக்கம் கண்ணை இழுத்ததைவிட, ஏன் ஓடுகிறோம் என்ற எண்ணமே மங்கிப்போனதுதான் கஷ்டமாக இருந்தது. நெற்றி விளக்கின் வெளிச்ச வட்டத்தில் வேர், கல், வேர், கல். ஏற்றத்தில் கால் ஒத்துழைத்தது, வியப்பாக இருந்தது. நடுவில் வந்த இரண்டு சின்ன இறக்கங்களில்தான் ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தேன். ஒருமுறை விழுந்தேன், உள்ளங்கை சிராய்த்தது. 58 நிமிடத் திட்டத்துக்கு 71 நிமிடம் ஆனது.

காட்டை விட்டு வெளியே வந்தேன். ஒரு சின்ன மேஜை, இரண்டு தன்னார்வலர்கள், கோடு. கோட்டில் தம்பி இல்லை. வேனும் இல்லை. போனில் சிக்னல் இல்லை.

முதல் இரண்டு நிமிடம் கோபம் வந்தது. நான் இப்படி அடிபட்டு வந்திருக்கிறேன், இவர்கள் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஐந்தாவது நிமிடத்தில் கோபம் போய் வேறு பயம் பிடித்தது. வேனை ஓட்டுவது என் கணவர், உள்ளே என் தம்பி, இருட்டான மலைப்பாதை. தன்னார்வலர்களில் ஒரு பெண் தன் கம்பளியைக் கழற்றி என் தோளில் போட்டார். வெப்பமானி 7 டிகிரி காட்டியது. எங்களுக்குப் பின்னால் வந்த மூன்று அணிகள் பட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டன. ஒவ்வொரு தடவையும் ஒருவர் ஓடி வந்து நிற்பதும் இன்னொருவர் கிளம்புவதுமாக இருந்தது. நான் பட்டையை மணிக்கட்டில் பிடித்தபடியே நின்றேன். 17 நிமிடம்.

வேன் வந்தபோது முதலில் இறங்கியது நர்ஸ் அக்கா. "ஒண்ணுமில்லம்மா, எல்லாரும் நல்லா இருக்கோம். தம்பிக்கு வாந்தி. மூணு தடவை நிறுத்தினோம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

காரணம் பிறகு புரிந்தது. கடுமையாக ஓடும்போது ரத்தம் வயிற்றை விட்டுத் தசைக்குப் போகிறது. அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாமல் கெட்டியான சர்க்கரைக் கூழை இறக்கினால் அது வயிற்றிலேயே தங்கிவிடும். அதன்மேல் குளிர், ஈரம், பட்டினி. எழுந்து ஓடத் தயாரானபோது வயிறு எதையும் ஏற்கவில்லை.

தம்பி வேன் கதவோரம் உட்கார்ந்திருந்தான், ஷூ கயிறெல்லாம் கட்டி, எண் அட்டை மாட்டி. "இருபது நிமிஷம் குடுங்க அக்கா, போயிடுவேன்" என்று நர்ஸ் அக்காவிடம்தான் கேட்டான், என்னைப் பார்க்கவில்லை. அவர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தார். அதுவும் வெளியே வந்தது. "நீ ஓடப்போறதில்லை" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அங்கே எங்கள் யாருக்கும் மறுபேச்சு இருக்கவில்லை.

எங்கள் ஓட்டத்தின் விதிப்படி, ஒருவர் விலகினால் மீதிப் பேர் ஓடலாம், ஆனால் விலகியவர் மறுபடி உள்ளே வர முடியாது. 12 பேர் அணியில் ஒருவர் போனால் பாரம் பதினொரு பேருக்குப் பிரியும். இங்கே ஐந்து பேர், பாக்கி ஒன்பது லெக். 28ஐயும் நானே ஓடுகிறேன் என்று சொன்னேன். குற்றவுணர்ச்சியில் சொன்னது என்று எல்லோருக்கும் தெரிந்தது. சார் காகிதத்தை வாங்கி, வேனின் பானெட்டில் வைத்து, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் எழுதினார். வரிசையைக் கலைக்க வேண்டாம், தம்பி இடத்தை மட்டும் மூடிவிட்டு எல்லோரும் ஒரு லெக் முன்னால் நகர்வோம் என்றார். 28 சின்னவளுக்கு, 29 தம்பியின் நண்பனுக்கு, அப்புறம் சார், நர்ஸ் அக்கா, 32 எனக்கு. அப்படிப் போட்டால் ஏழு ஏழு லெக் ஓட வேண்டியவர்கள் சாரும் நர்ஸ் அக்காவும். அணியில் மூத்த இருவர். "நாங்க ரெண்டு பேரும் அளவாத்தான் ஓடியிருக்கோம், தாங்கும்" என்றார் சார். அதில் என்னைக் குத்தும் நோக்கம் எதுவும் இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனாலும் எனக்குப் பட்டது.

சின்னவள் அதற்குள் ஜாக்கெட்டைக் கழற்றியிருந்தாள். "பட்டையைக் குடுங்கக்கா" என்றாள். தம்பிக்கு மாட்ட வேண்டியதை அவள் கையில் மாட்டினேன். அவள் போன பிறகு தம்பி எண் அட்டையின் நாலு ஊக்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தான். அப்போதுதான் சொன்னேன், 15ம் லெக்கில் நான் செய்ததை. கால் போய்விட்டதை நான் மறைத்ததையும். "தெரியும்கா. நீ கதவைப் பிடிச்சதைப் பார்த்தேன்" என்றான். பார்த்துவிட்டுத்தான் அந்த 22ம் லெக்கை அப்படி ஓடியிருக்கிறான்.

அந்த 6 நிமிடத்தை நான் சம்பாதித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது சாருடைய ஏழாவது லெக்கிலிருந்தும் தம்பியின் வயிற்றிலிருந்தும் எடுத்தது.

32ம் லெக் மொத்த ஓட்டத்திலேயே கடுமையானவற்றில் ஒன்று. 7.4 கிலோமீட்டரில் 610 மீட்டர் ஏற்றம். நர்ஸ் அக்காவுக்கென்று ஒதுக்கி, அவர் இரண்டு மாதமாக அதற்கென்றே பயிற்சி எடுத்த லெக். என் காலின் நிலைமைக்கு அது வந்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ஏறும்போது முன்தொடை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது, நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டியதில்லை. அடிபட்ட தசைக்கு ஏற்றம் இறக்கத்தைவிட எவ்வளவோ கருணையானது. கிளம்பும் முன் அக்கா என் காதில் சொன்னது: "மூணாவது கிலோமீட்டர்ல ஒரு வெள்ளைக் கல் வரும். அதுக்கப்புறம் ஓடாதே. கையை முட்டிக்கு மேல வச்சு அழுத்தி நட." செங்குத்தான ஏற்றத்தில் வேகமான நடைக்கும் மெதுவான ஓட்டத்துக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் நடையில் செலவு குறைவு. நான் அதுவரை ரிலேயில் நடப்பதை ஒரு தோல்வியாக நினைத்திருந்தேன். வெள்ளைக் கல் வந்ததும் நடந்தேன். காலை வெயில் முதுகில் விழுந்தது. என் முன்னால் ஓடிக்கொண்டிருந்த இருவரோடு நடந்தே ஒட்டிப் போனேன். அக்காவின் திட்டம் 62 நிமிடம், நான் எடுத்தது 66. மேலே கோட்டில் சின்னவள் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில், இரண்டு சட்டைக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கையில் காய்ந்த துணிப் பையுடன் தம்பி. நான் நிற்பதற்குள் பையைப் பிரித்துச் சட்டையை நீட்டினான்.

அதற்குப் பிறகு அவன்தான் அந்த வேனை நடத்தினான். ஓடி வந்தவருக்குச் சட்டை, தண்ணீர், உருளைக்கிழங்கு. அடுத்தவரை எப்போது எழுப்புவது, ஜாக்கெட்டை எந்த நிமிடத்தில் கழற்றுவது என்பதையும் அவன்தான் சொன்னான். முன்னவர் விளக்கோ தலையோ கண்ணில் படாமல் யாரையும் ஜாக்கெட் கழற்ற அவன் விடவில்லை. 12 பேர் அணிகளில் இதற்கென்று யாராவது இருப்பார்கள். எங்கள் கணக்கில் ஆறு ஓட்டக்காரர், ஒரு டிரைவர் என்றுதான் இருந்தது. ஏழாவதாக ஒருவர் வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அடுத்த முறை இப்படி ஓட நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த ஒன்றைத்தான்: வேனில் ஓடாத கண்கள் இன்னும் இரண்டு வேண்டும்.

கடைசி லெக்கை நர்ஸ் அக்கா ஓடி முடித்தார், அவருடைய ஏழாவது. கடைசி நூறு மீட்டரில் அணி முழுவதும் சேர்ந்து ஓடலாம் என்று அனுமதி உண்டு. நான் ஓடினேன் என்று சொல்ல முடியாது, தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். 33 மணி 26 நிமிடம். திட்டத்தைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் தாமதம். சிறிய கலப்பு அணிகள் ஒன்பதில் ஐந்தாவது இடம்.

நேற்று சாயங்காலம் தம்பி வந்திருந்தான். வயிறு மறுநாளே சரியாகிவிட்டது அவனுக்கு. ஒரு காகிதம் கொண்டுவந்திருந்தான், புதுத் திட்டம். பகலில் ஒன்றொன்றாக, இரவில் மட்டும் இரண்டிரண்டாக. சார் சொன்னதில் பாதி சரி என்கிறான். இரவு பத்திலிருந்து காலை வரை இரண்டிரண்டாக ஓடினால், முறை இல்லாதவர்களை வேனின் பின்பக்கத்தில் எழுப்பாமல் விட்டுவிடலாம், கதவைத் திறந்து மூடுவதற்குப் பழகிவிடுவார்கள் என்பது அவன் வாதம். எனக்கு இன்னும் முழுதாக ஒப்பவில்லை, ஆனால் போன தடவை ஜெயித்த வாதத்தை இந்தத் தடவை அப்படியே திருப்பிச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

காகிதத்தின் மேல்பகுதியில் ஆறு பெயரும் எழுதியிருந்தான். மூன்றாவது இடத்தில் அவன், நான்காவதில் நான். ஏன் மாற்றினாய் என்று கேட்டேன்.

"இந்த தடவை நீ ஜாக்கெட் போட்டுட்டு நில்லு, நான் வர்றேன்" என்றான்.